நடத்தைப் பகுப்பாய்வில் முதுகலையா, நடத்தை மாற்ற முறைகளில் முதுகலையா? முடிவெடுக்க உதவுங்கள்

கேள்வி: சிறப்புக் கல்வி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

நான் 7 ஆண்டுகளாகச் சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். இளங்கலையில் உளவியல் படித்தேன். வேலையை விடாமல் முதுகலை படிக்கலாம் என்று முடிவு செய்து, சில மாதங்களாகப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு வகைப் படிப்பு "பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு" என்ற பெயரில் வருகிறது. அதில் வலுவூட்டல், தனியாள் ஆய்வு வடிவமைப்பு, மேற்பார்வையின் கீழ் களப்பணி ஆகியவை நிறைந்திருக்கின்றன. இன்னொரு வகை "நடத்தை மாற்றம்" அல்லது "நடத்தை அறிவியல்" என்று வருகிறது; அதில் மனப்பான்மை, பழக்கம், பொதுச் சுகாதாரம், கொள்கை வகுத்தல் என்று பேசுகிறார்கள். இரண்டும் மனிதர் செய்வதைப் பற்றியவையே என்றாலும், ஒன்றின் பாடநூற்பட்டியலில் உள்ள பெயர்கள் மற்றொன்றில் ஏறக்குறைய இல்லை.

எனக்கு இந்த ஆர்வம் வந்ததற்கு ஒரு மாணவன் காரணம். அவனுக்கு 9 வயது. ஓரிரு சொற்களில் மட்டுமே பேசுவான். கணக்குத் தாளை அவன் மேசைமீது வைத்ததும் முதலில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவான், பிறகு பென்சிலை எறிவான். எறிந்தால் வகுப்புக்கு வெளியே ஐந்து நிமிடம் அமர வைப்பது எங்கள் பள்ளியின் வழக்கம். ஆண்டின் தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டொரு முறை நடந்தது. இப்போது ஒரே நாளில் மூன்று முறை நடக்கிறது. தண்டித்தும் ஏன் கூடுகிறது என்று உடன் பணிபுரிவோர் கேட்கிறார்கள். விடை எனக்கு அரைகுறையாகத் தெரிகிறது; ஆனால் அதை நிறுவிக் காட்டத் தெரியவில்லை. அந்தத் திறமைதான் எனக்கு வேண்டும்.

இவ்விரு படிப்புகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு என்ன, வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் படித்தால் போதுமான பயிற்சி கிடைக்குமா, சேர்வதற்கு முன் நான் எதை விசாரிக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். நடத்தைப் பகுப்பாய்வின் மீது ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கடுமையான குற்றச்சாட்டுகளை வைக்கிறார்கள் என்பதையும் அறிவேன். அதைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள்.

மறுமொழி 1: நடத்தைப் பகுப்பாய்வாளர், பயிற்சி மாணவர்களின் மேற்பார்வையாளர்

வணக்கம், டீச்சர். உங்கள் மாணவனிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்தப் படிப்பின் முதல் பருவம் முழுவதும் அவனுடைய மேசையிலேயே இருக்கிறது.

தாள் வருகிறது, பென்சில் பறக்கிறது, தாள் இல்லாத இடம் ஒன்று ஐந்து நிமிடத்துக்குக் கிடைக்கிறது. முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று நாங்கள் எழுதுவது இந்த வரிசையைத்தான். வெளியே அமர வைப்பதைப் பள்ளி தண்டனை என்று அழைக்கிறது. ஆனால் ஒரு பின்விளைவு தண்டனையா வலுவூட்டலா என்பதைக் கொடுப்பவரின் நோக்கம் தீர்மானிப்பதில்லை, அதன் பிறகு அந்த நடத்தை கூடியதா குறைந்ததா என்பதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் மாணவனிடம் கூடியிருக்கிறது. விரும்பாத ஒன்று விலகுவதால் நடத்தை வலுப்பெற்றால் அதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். தேர்வுத்தாளில் இதைத் தண்டனையோடு குழப்பி எழுதாத மாணவர்கள் குறைவு; ஆசிரியர்களும் குழப்புவதுண்டு.

ஆனால் இதுவரை நான் எழுதியது ஓர் ஊகம் மட்டுமே. வெளியே அமர்ந்திருக்கும்போது அந்த வழியாகப் போகிறவர்கள் அவனிடம் பேசுகிறார்களா? அப்படியானால் அவனுக்குக் கிடைப்பது கணக்கிலிருந்து விடுதலையா, மனிதரின் கவனமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்தக் கேள்விக்குச் சோதனை முறையில் விடை காணும் வழியை பிரையன் ஐவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982-இல் வெளியிட்டார்கள். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட 9 பேரை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், நான்கு வெவ்வேறு சூழல்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்: காயப்படுத்திக்கொண்டால் கவனம் கிடைக்கும் சூழல், கொடுத்த பணி விலக்கப்படும் சூழல், தனியே இருக்கும் சூழல், எதுவும் கேட்கப்படாத விளையாட்டுச் சூழல். 9 பேரில் 6 பேரிடம் நடத்தை ஏதோ ஒரு குறிப்பிட்ட சூழலில் தொடர்ந்து மிகுந்திருந்தது. அந்தச் சூழல் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒரே தோற்றமுடைய நடத்தை ஒருவருக்குக் கவனத்தையும் மற்றொருவருக்கு ஓய்வையும் பெற்றுத் தருகிறது என்றால், இருவருக்கும் ஒரே சிகிச்சை எப்படிப் பொருந்தும்? எங்கள் துறையின் போக்கையே மாற்றிய ஆய்வு அது.

நடத்தையால் கிடைக்கும் பயன் தெரிந்தால் வழியும் தெரிகிறது. 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இடர் தரும் நடத்தையால் குழந்தை எதைப் பெறுகிறதோ அதையே கேட்டுப் பெறும் ஒரு சொற்றொடரைக் கற்றுக்கொடுத்தார்கள். பணி கடினமாக இருந்ததால் அப்படி நடந்துகொண்ட குழந்தை உதவி கேட்கக் கற்றது. கவனத்துக்காகச் செய்த குழந்தை தன் வேலையைப் பாராட்டும்படி கேட்கக் கற்றது. பயனுக்குப் பொருந்திய சொற்றொடர் நடத்தையைக் குறைத்தது. பொருந்தாத சொற்றொடர் குறைக்கவில்லை. உங்கள் மாணவன் ஓரிரு சொற்களில் பேசுவான் என்கிறீர்கள். "உதவி" என்ற அட்டையைத் தொட்டுக் காட்டுவதாகவும் அது இருக்கலாம்.

இனி, படிப்பு. உளவியலாளர் ஸ்கின்னர் 1938-இல் ஆய்வுக்கூட விலங்குகளைக் கொண்டு நிறுவிய கொள்கைகளை, அதாவது ஒரு செயலின் பின்விளைவு அந்தச் செயலைக் கூட்டும் அல்லது குறைக்கும் என்பதை, படிப்பீர்கள். 1968-இல் பேர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வுக்கு வகுத்த 7 பண்புகளைப் படிப்பீர்கள். இவை பாடநூலிலேயே கிடைக்கும் என்பதால் இங்கே நீட்டவில்லை. முதுகலையில் உண்மையாகக் கற்க வேண்டியது அளவிடுதல். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், ஏனெனில் பயிற்சி மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கொண்டுவரும் பிழை இது.

ஐந்து நிமிட வகுப்பை 10 விநாடிகள் கொண்ட 30 பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். முதலாமவர் 3 பகுதிகளில் நடத்தை நிகழ்ந்ததாகக் குறிக்கிறார், இரண்டாமவர் 2 பகுதிகளில். இருவரும் ஒன்றுபட்டுக் குறித்தது ஒரே ஒரு பகுதியை. மொத்தக் கணக்கில் 30-இல் 27 பகுதிகளில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். 90 சதவீத உடன்பாடு. வழக்கமாக 80 சதவீதமே போதும் என்பார்கள், ஆகவே மாணவர் மகிழ்ச்சியோடு அறிக்கை எழுதிவிடுகிறார். ஆனால் அந்த 27-இல் 26 பகுதிகள் எதுவுமே நடக்காதவை! நடத்தை நிகழ்ந்ததாக யாராவது ஒருவர் குறித்த பகுதிகளை மட்டும் எடுத்தால் 4-இல் 1, அதாவது 25 சதவீதம்தான். இருவரும் ஒரே நடத்தையைப் பார்க்கவில்லை என்பதே உண்மை. வரையறையைத் திருத்தி எழுதியாக வேண்டும். "எறிதல்" என்றால் கையை விட்டுப் பென்சில் எவ்வளவு தூரம் போக வேண்டும், மேசையிலிருந்து உருட்டிவிடுவது எறிதலா என்றெல்லாம் எழுதும் வேலை சலிப்பூட்டும். ஆனால் ஒரு குழந்தையின் நாளை நாம் மாற்றியமைக்கப் போவது அந்த எண்ணை நம்பித்தான் என்பதால், இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது ஆய்வு வடிவமைப்பு. உளவியல் படித்தவர்களுக்குக் குழுக்களை ஒப்பிட்டுச் சராசரி காண்பதே பழக்கம். இங்கே ஒருவரையே அவருடைய முந்தைய நிலையோடு ஒப்பிடுகிறோம்: தலையீட்டைத் தருவது, நிறுத்துவது, மீண்டும் தருவது என்று ஒரு முறை, நிறுத்துவது முறையாகாது என்னும் இடங்களில், மூன்று சூழல்களில் அடிநிலையை (தலையீட்டுக்கு முந்தைய அளவை) அளந்துகொண்டு தலையீட்டை வெவ்வேறு நாட்களில் தொடங்குவது மற்றொரு முறை. தொடங்கிய இடத்தில் மட்டும், தொடங்கிய பிறகு மட்டும் வரைபடத்தில் நடத்தையின் கோடு இறங்கினால், பருவநிலையோ வயதோ காரணமல்ல என்று துணிந்து சொல்லலாம். உடன் பணிபுரிவோருக்கு நிறுவிக் காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்ட திறமை இதுதான்.

சான்றிதழ் பற்றி: அமெரிக்காவில் 1998-இல் தொடங்கப்பட்ட நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியத்தின் (BACB) முதுகலை நிலைச் சான்றுக்கு, பாடங்களோடு 2,000 மணி நேரக் களப்பணி வேண்டும், அதில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வையில் நடக்க வேண்டும். 10 சதவீத மேற்பார்வை பெற்றால் 1,500 மணி நேரம் போதும். ஆனால் 2023 முதல் அந்த வாரியம் குறிப்பிட்ட சில நாடுகளில் வசிப்பவர்களிடமிருந்து மட்டுமே விண்ணப்பம் பெறுகிறது. பழைய விளம்பரங்களில் "இந்தப் படிப்பு அந்தச் சான்றுக்குத் தகுதி தரும்" என்று இன்னும் இருக்கலாம்; நீங்கள் வசிக்கும் நாட்டுக்கு அது பொருந்துமா என்பதை வாரியத்தின் விதிகளிலேயே நேரடியாகப் பாருங்கள். மற்ற நாட்டினருக்கென வேறு பன்னாட்டு அமைப்புகளும் சான்று வழங்குகின்றன.

மறுமொழி 2: பொதுச் சுகாதார ஆய்வாளர்

முந்தைய மறுமொழி மிகத் தெளிவாக இருந்தது. நான் அடுத்த கரையிலிருந்து எழுதுகிறேன்: நடத்தை மாற்றத்தில் முதுகலை முடித்து, மருத்துவமனைகளில் கை கழுவுதல், மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுதல் போன்றவற்றில் பணியாற்றுகிறேன்.

அங்கே ஒரு குழந்தையின் ஒரு நடத்தை என்றால், இங்கே ஆயிரம் பேரின் ஒரு நடத்தை. ஒவ்வொருவரையும் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆகவே எங்கள் படிப்பு வேறோர் இடத்தில் தொடங்குகிறது: இந்த நடத்தை நிகழ என்ன தேவை, அவற்றில் எது இங்கே குறைகிறது? சூசன் மிச்சியும் உடனாய்வாளர்களும் 2011-இல் அப்போது புழக்கத்தில் இருந்த 19 கட்டமைப்புகளை ஆராய்ந்து, நடத்தைக்கு மூன்று தேவைகளை முன்வைத்தார்கள்: செய்யும் திறன், செய்வதற்கான வாய்ப்பு, செய்யத் தூண்டும் உந்துதல். கேட்பதற்கு மிக எளிமையாக இருக்கிறது. பயன்படுத்தும்போதுதான் அதன் அருமை தெரியும்.

நான் பணியாற்றிய ஒரு வார்டில், செவிலியர்கள் நோயாளியைத் தொடும் முன் கைகளைத் தூய்மை செய்வதில்லை என்று நிர்வாகம் குறைப்பட்டுக்கொண்டது. முதலில் வைத்த தீர்வு விழிப்புணர்வுச் சுவரொட்டி. ஒரு நாள் காலை முழுவதும் ஓரமாக நின்று பார்த்தேன். கிருமிநாசினிக் குப்பி வாசலில் ஒன்று மட்டும் இருந்தது. செவிலியர் ஒருவர் இரு கைகளிலும் தட்டைப் பிடித்தபடி ஐந்தாவது கட்டிலுக்கு வருகிறார். தட்டை வைக்க இடமில்லை, வாசலுக்குத் திரும்பினால் பதினெட்டு தப்படி. அவருக்கு அறிவும் இருந்தது, அக்கறையும் இருந்தது, வாய்ப்பு இல்லை. கட்டிலின் கால்மாட்டில் குப்பியும் தட்டு வைக்க ஒரு பலகையும் பொருத்தும் வரை எந்தச் சுவரொட்டியாலும் அங்கே பயன் விளைந்திருக்காது. உந்துதல் குறை என்று கருதி அந்தச் செவிலியர்களைக் கடிந்துகொண்ட கூட்டத்தில் நானும் அமர்ந்திருந்தேன் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

எண்ணம் வேறு, செயல் வேறு என்பது எங்கள் துறையில் வெறும் பேச்சு வழக்கல்ல. தாமஸ் வெப், பாஸ்கல் ஷீரன் இருவரும் 2006-இல் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மக்களின் எண்ணத்தில் ஓரளவு பெரிய மாற்றம் ஏற்பட்டாலும் நடத்தையில் அதற்கு ஈடான மாற்றம் வரவில்லை, சிறியது முதல் நடுத்தரம் வரையான அளவிலேயே வந்தது என்று கண்டார்கள். ஆகவே நல்ல பாடத்திட்டம் ஒன்றில் மனப்பான்மைக் கோட்பாடுகளுக்கு நிகராகச் சூழலை மாற்றும் முறைகளும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கருத்துக் கேட்கும் வினாப்பட்டியல் அச்சிடக் கற்றுக்கொண்டு வெளியே வருவீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதுகலை என்பது ஆய்வுக் கட்டுரையை அதன் சுருக்கத்தைத் தாண்டிப் படிக்கும் பயிற்சி. "21 நாளில் பழக்கம்" என்று எங்கும் சொல்கிறார்களே, அதை யாராவது மறுக்க முற்பட்டால் உடனே "66 நாள்" என்பார்கள். ஃபிலிப்பா லாலி குழுவினரின் ஆய்விலிருந்து வந்த எண் அது. 96 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் 66 என்பது இடைநிலை, அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதைவிட அதிகம். ஆட்களுக்கிடையே 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபாடு இருந்தது. ஆய்வு நடந்ததோ 84 நாள்தான்! 254 என்பது ஒருவருடைய வளைகோட்டை நீட்டிக் கணித்த எண். இதை அறியாமல் ஒரு திட்டத்துக்கு "66 நாளில் முடியும்" என்று கெடு வைத்தால் பாதிப் பேர் தோற்றவர்களாகக் கணக்கிடப்படுவார்கள். தவறு அவர்களுடையதாக இராது.

இரு துறைகளும் அந்நியமானவை என்றும் நினைக்க வேண்டாம். 2013-இல் மிச்சி குழுவினர் வெளியிட்ட வகைப்பாட்டில் 93 நடத்தை மாற்ற நுட்பங்கள் 16 குழுக்களாக இருக்கின்றன. திட்டமிட்ட பின்விளைவுகள் என்னும் 14-ஆம் குழு முழுவதும் மறுமொழி 1 எழுதியவரின் வீட்டிலிருந்து வந்ததுதான். எங்கள் மாணவர்கள் அந்தக் குழுவைப் பெயரளவில் மனப்பாடம் செய்துவிட்டு, படிப்படியாக உருவாக்குதல் (இலக்கை நெருங்கும் ஒவ்வொரு சிறு படியையும் வலுவூட்டுவது) என்ற நுட்பத்தை ஒரு குழந்தையிடம்கூடச் செய்து பார்க்காமல் பட்டம் பெறுகிறார்கள் என்பது எனக்கு ஒரு குறை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்கள் கேள்வி ஒரு மேசையைச் சுற்றியே இருக்கிறது. அப்படியென்றால் முதல் வகைப் படிப்புதான் உங்களுக்கு. பள்ளியின் "வெளியே அமர வைக்கும்" வழக்கத்தையே எல்லா வகுப்புகளிலும் மாற்ற வேண்டும் என்று என்றாவது தோன்றினால், அன்று எங்கள் பக்கம் வாருங்கள்.

மறுமொழி 3: சிறுவயதில் இப்பயிற்சியைப் பெற்றவர்

மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு ஆட்டிசம் உண்டு. 4 வயதிலிருந்து 8 வயது வரை வாரத்தில் பல மணி நேரம் நடத்தைப் பயிற்சி பெற்றேன்.

எனக்குப் பேச்சு வந்ததில் அந்தப் பயிற்சிக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது என் கைகள். மகிழ்ச்சி வந்தாலும் அச்சம் வந்தாலும் என் கைகள் அசையும். "கை மேசைமேல்" என்று சொல்லி, அசையாமல் வைத்திருந்தால்தான் எனக்குப் பிடித்த சிறு கார் கைக்கு வரும். நான் கற்றுக்கொண்டேன், பதிவேட்டில் கோடு அழகாக இறங்கியிருக்கும். அந்தக் கைகளால் யாருக்கு என்ன தீங்கு என்று அந்த நான்கு ஆண்டுகளில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இப்போது எனக்கு 31 வயது. கூட்டமான அறையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அமர்வது இன்னும் போகவில்லை.

முந்தைய தலைமுறையில் இதைவிடக் கொடுமையானவை நடந்தன. 1960-களில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான லோவாஸ் குழந்தைகளுக்கு மின்னதிர்ச்சி தந்தது அவரே வெளியிட்ட கட்டுரைகளில் இருக்கிறது. அந்த வரலாற்றைப் பாடத்திட்டம் ஒளிக்காமல் சொல்லிக்கொடுக்கிறதா என்று பாருங்கள்.

மேலே குறிப்பிடப்பட்ட வுல்ஃப் 1978-இல் எழுதிய கட்டுரை ஒன்றை நான் பெரியவனான பிறகு படித்தேன். ஒரு தலையீட்டை மதிப்பிட, அதன் இலக்கு சமூகம் வேண்டுவதுதானா, அதன் வழிமுறை ஏற்கத்தக்கதா, அதன் விளைவு உரியவருக்கு நிறைவளிக்கிறதா என்று அவர்களிடமே கேட்க வேண்டும் என்கிறார். கருவி துறைக்குள்ளேயே இருந்திருக்கிறது; என்னிடம் அதைப் பயன்படுத்தவில்லை. எட்டு வயதுக் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்பார்கள். அவன் திரும்பிக்கொள்வதும், தள்ளிவிடுவதும், அழுவதும் விடைதானே? உங்கள் மாணவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பென்சிலுக்கு முன்னால் அவன் ஏற்கெனவே ஒரு முறை சொல்லிவிட்டான், அம்மா.

மறுமொழி 4: இணையவழியில் படித்து முடித்தவர்

மூன்றாவது மறுமொழியைப் படித்த பிறகு சிறிது நேரம் எதையும் எழுத முடியவில்லை. எழுதியவருக்கு நன்றி.

இணையவழிப் படிப்பு பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன். பாடங்கள் நன்றாகவே இருந்தன. பதிவு செய்யப்பட்ட விரிவுரைகளை இரவில் நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிந்தது எனக்கு ஒரு வரமாக அமைந்தது. மேற்பார்வையில்தான் ஏமாந்தேன். நான் படித்த நிறுவனம் மேற்பார்வையாளரை நாங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்பதைச் சேர்ந்த பிறகே தெரிவித்தது. கிடைத்தவர், மாதம் ஒரு முறை எட்டுப் பேரை ஒன்றாகத் திரையில் அமர வைத்து, "எல்லாம் சரியாகப் போகிறதா?" என்று கேட்டுக் கையெழுத்திட்டார். ஒன்றரை ஆண்டுகளில் நான் ஒரு குழந்தையோடு வேலை செய்வதை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பிறகு வேறொருவரிடம் மாறினேன். அவர் முதல் நாளே என் காணொளியில் 40 விநாடியை மட்டும் மூன்று முறை ஓட்டிக் காட்டினார்: குழந்தை சரியாகச் செய்த பிறகு பாராட்டு வர எனக்கு 6 விநாடி பிடித்திருந்தது; அந்த 6 விநாடிக்குள் குழந்தை வேறு இரண்டு காரியங்கள் செய்துவிட்டது. எதை வலுவூட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த 40 விநாடி எனக்குக் கற்றுத் தந்ததை முந்தைய ஒன்றரை ஆண்டு தரவில்லை.

ஆகவே சேர்வதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: மேற்பார்வையாளரை யார் ஏற்பாடு செய்கிறார்கள், அவர் ஒரே நேரத்தில் எத்தனை பேரை மேற்பார்வை செய்கிறார், நான் வேலை செய்வதை மாதத்தில் எத்தனை முறை நேரிலோ காணொளியிலோ பார்ப்பார். கட்டணத்தில் மேற்பார்வை அடங்குமா என்பதையும் விட்டுவிடாதீர்கள். இவற்றுக்குச் சுற்றி வளைத்து விடை தரும் இடத்தில் பாடத்திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேராதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு மறுமொழியையும் இரண்டு முறை படித்தேன்.

மூன்றாவது மறுமொழி எழுதியவருக்கு: நாற்காலி தள்ளுவதை நான் கேள்வியில் எழுதியபோதும் அதை ஒரு செய்தியாகப் பார்க்கவில்லை. நேற்று அவன் நாற்காலியைத் தள்ளியதும் தாளை எடுத்துக்கொண்டு, "கடினமா?" என்று கேட்டேன். எறியவில்லை. ஒரு நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆனாலும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நடத்தைப் பகுப்பாய்வு முதுகலைக்கே விண்ணப்பிக்கப் போகிறேன். நான்காவது மறுமொழியில் உள்ள கேள்விகளை மூன்று பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிடமிருந்து மட்டும் தெளிவான விடை வந்திருக்கிறது: ஒரு மேற்பார்வையாளருக்கு ஐந்து மாணவர்கள், மாதம் இருமுறை நேரடிப் பார்வை. மற்றொன்று பாடத்திட்டத்தின் பக்கத்தையே மீண்டும் அனுப்பியது.

மறுமொழி 1 எழுதிய ஐயாவிடம் ஒரு கேள்வி. படிப்பு தொடங்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க மனம் இல்லை. ஒரு நோட்டில் நேரம், முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று நான்கு பத்திகள் போட்டு மூன்று நாளாக எழுதுகிறேன். 11 நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இதில் எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி 1: தொடர்ச்சி

நல்ல தொடக்கம், டீச்சர். மூன்று திருத்தங்கள் சொல்கிறேன்.

நாற்காலி தள்ளுவதற்குத் தனிப் பத்தி போடுங்கள். தள்ளியதிலிருந்து எறியும் வரை எத்தனை விநாடி என்று குறித்தால், உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது தெரியும். அது 3 விநாடி என்றால் உதவி அட்டை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். 20 விநாடி என்றால் நீங்கள் அவனிடம் நடந்து போகலாம்.

எறியாத நேரங்களையும் எழுதுங்கள். எறிந்த 11 முறையும் கணக்குத் தாள் இருந்தது என்பதால் தாள்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் தாள் வந்தும் எறியாத முறைகள் 30 இருந்தால் படம் மாறிவிடும். அந்த 30 தாள்களில் என்ன கணக்கு இருந்தது, எத்தனை கணக்கு இருந்தது என்று பாருங்கள். இந்தப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பின்விளைவுப் பத்தியில் "வெளியே அனுப்பினோம்" என்று எழுதியிருந்தால் போதாது. அங்கே அவனோடு யார் பேசினார்கள், எவ்வளவு நேரம் இருந்தான், திரும்பி வந்தபோது அதே தாள் மேசையில் காத்திருந்ததா அல்லது வேறு பாடம் தொடங்கிவிட்டதா என்பது வேண்டும். கவனமா, விடுதலையா என்று நான் முன்பு எழுப்பிய கேள்விக்கு முதல் குறிப்பு அங்கிருந்துதான் வரும். முறையான சோதனையை மட்டும் மேற்பார்வை இல்லாமல் தொடங்க வேண்டாம். நடத்தையை வேண்டுமென்றே தூண்டிப் பார்க்கும் வேலை அது, பயிற்சி பெற்றவர் ஒருவர் உடன் இருந்தாக வேண்டும்.

இன்னும் இரண்டு வாரம் எழுதுங்கள். மாணவனை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்காமல் அந்தப் பத்திகளை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.